முதலில் நகல், அப்புறம் சோதனை

கேள்வி: என் பழைய ஹார்டு டிஸ்க் இரண்டு நாளாக 'டிக் டிக்' என்று சத்தம் போடுகிறது. பேட்பிளாக்ஸ் கமாண்ட் ஓட்டி எங்கே கோளாறு என்று பார்த்துவிடட்டுமா, சார்?

பதில்: வேண்டாம். கோளாறைச் சத்தமே சொல்லிவிட்டது. படிக்கும் ஹெட் தடம் பிடிக்க முடியாமல் மறுபடி மறுபடி முயலும்போது பெரும்பாலும் வரும் சத்தம் அது. பேட்பிளாக்ஸ் முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை ஒன்று விடாமல் படிக்கும். டிஸ்க்கில் மிச்சமிருக்கும் ஆயுளை அதற்குச் செலவழிக்காதீர்கள். வேறெங்கும் இல்லாத ஃபைல்கள் அதில் இருந்தால் இப்போதே மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, டேட்டா மீட்கத் தெரிந்தவர்களிடம் கொண்டு போங்கள்.

கேள்வி: பேட்பிளாக்ஸ் அப்படி என்னதான் செய்கிறது?

பதில்: டிஸ்க்கை நூற்றுக்கணக்கான கோடி சிறு கட்டங்களாகப் பாவித்து, ஒவ்வொன்றையும் 'படிக்க முடிகிறதா?' என்று கேட்கிறது. படிக்க முடியாதவற்றின் எண்களைப் பட்டியல் போடுகிறது. வேலை அவ்வளவுதான். அதற்கு ஃபைல் தெரியாது, ஃபோல்டர் தெரியாது. காலியாகக் கிடக்கும் கட்டத்தையும் அது விடாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டிஸ்க்கிடம் செல்லாது. ஒவ்வொரு பருக்கையையும் தொட்டுப் பார்த்தாக வேண்டும். அந்தப் பொறுமை இந்தக் கமாண்டுக்கு இருக்கிறது.

லினக்ஸில் ஈ2எஃப்எஸ்புரோக்ஸ் என்ற தொகுப்போடு வருகிறது. அதனால் பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் தனியாக நிறுவவே வேண்டாம். முதலில் எழுதியவர் ரெமி கார்ட், எக்ஸ்ட்2 ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். தொகுப்பை நீண்ட காலமாகப் பராமரித்து வருபவர் தியோடர் சோ.

வெறுமனே கமாண்டையும் டிஸ்க்கின் பெயரையும் கொடுத்தால் மௌனமாக ஓடி மௌனமாக முடியும். பட்டியல் வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று பொருள். மணிக்கணக்காகக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். 'மைனஸ் எஸ்', 'மைனஸ் வி' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எத்தனை சதவீதம் முடிந்தது, எத்தனை பிழை என்பதை ஓட ஓடக் காட்டும்.

கேள்வி: அது எல்லாம் நலம் என்றால் என் ஃபைல்களும் நலம்தானே?

பதில்: இல்லை. சாதாரணச் சோதனையில், 'இந்தக் கட்டத்தைத் தர முடிந்ததா' என்பதற்கு டிஸ்க் சொல்லும் பதிலை மட்டும்தான் அது வாங்கிக்கொள்கிறது. கட்டத்தில் இருப்பது நீங்கள் எழுதியதுதானா என்று அதற்குத் தெரிய வழியில்லை. வைரஸ் கெடுத்த ஃபைலும், பாதியில் நின்றுபோன காப்பியும் ஆரோக்கியமான பிளாக்குகளில்தான் இருக்கும். ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க செக்சம் எடுத்து வைத்து ஒப்பிட வேண்டும்.

கேள்வி: மைனஸ் டபிள்யூ போட்டுச் சோதித்தால்தான் உண்மை தெரியும் என்கிறான் நண்பன்.

பதில்: அவன் டிஸ்க்கிலா, உங்கள் டிஸ்க்கிலா? டபிள்யூ என்றால் எழுதிப் பார்க்கும் சோதனை. டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும்.

கேள்வி: அப்படியானால் எந்தச் சோதனையை எப்போது செய்வது?

பதில்: மூன்று வகை உண்டு. எந்த விருப்பமும் கொடுக்காவிட்டால் படித்துப் பார்ப்பது மட்டும் நடக்கும். உள்ளே இருக்கும் எதையும் அது மாற்றாது. பழைய டிஸ்க்குக்கு, நகல் எடுத்த பிறகு, இது போதும்.

'மைனஸ் என்' நடுவழி. ஒரு கட்டத்தில் இருப்பதைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அங்கே வேறொன்றை எழுதி, படித்துச் சரிபார்த்து, பழையதைத் திருப்பி எழுதிவிடும். இதற்குச் 'சேதமில்லாச் சோதனை' என்று பெயர் இருந்தாலும், அந்தப் பெயரை நம்பி மதிய நேரத்து மின்வெட்டில் ஓட்டாதீர்கள். நினைவகத்தில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் அந்தக் கட்டங்களில் இருந்ததும் போயிற்று. யூபிஎஸ் இல்லாத இடத்தில் இந்த வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

'மைனஸ் டபிள்யூ' டிஸ்க் முழுவதும் நான்கு முறை எழுதி நான்கு முறை படிக்கும். எழுதுவது தற்செயலான எழுத்துகள் அல்ல. முதலில் 10101010, அடுத்து 01010101, பிறகு எல்லாம் 1, கடைசியில் எல்லாம் 0. ஒவ்வொரு பிட்டும் இரண்டு நிலையிலும் நிற்கிறதா, பக்கத்தில் இருப்பது அதைக் கெடுக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த வரிசை. புதிதாக வாங்கிய டிஸ்க்கில் முதல் ஃபைலைப் போடும் முன் இதை ஓட்டுவது நல்ல பழக்கம். கோளாறு வந்தால் வாரன்டி இருக்கும்போதே வரட்டும்.

எழுதிப் பார்க்கும் இரண்டு வகையும் மவுண்ட் ஆகியிருக்கும் டிஸ்க்கைத் தொட மறுக்கும். 'மைனஸ் எஃப்' போட்டு வற்புறுத்தலாம் என்று எங்காவது படித்திருப்பீர்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று மூன்று டிஸ்க் காட்டுகிறது. தவறான டிஸ்க்கை அழித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, அண்ணா.

பதில்: பயம் நியாயமானது, தங்கச்சி. அந்தப் பெயர்கள் நிலையானவை அல்ல. இன்று எஸ்டிபியாக இருப்பது, ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டால் எஸ்டிசி ஆகிவிடக்கூடும். 'எல்எஸ்பிஎல்கே' கமாண்டில் அளவு, மாடல், சீரியல் எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணோடு அதை ஒத்துப் பாருங்கள். 'டெவ்' ஃபோல்டருக்குள் 'டிஸ்க்', அதற்குள் 'பை-ஐடி' என்ற ஃபோல்டர் இருக்கிறது. மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த நீளமான பெயர்கள் அங்கே இருக்கும். கமாண்டுக்கு அந்தப் பெயரையே கொடுங்கள். தட்டச்சு செய்ய நீளம்தான், ஆனால் வேறு டிஸ்க்குக்கு அந்தப் பெயர் வராது. இதையெல்லாம்விட எளிய வழி, மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுவது.

கேள்வி: 4 டெராபைட் டிஸ்க்குக்கு எவ்வளவு நேரமாகும்?

பதில்: டிஸ்க் சராசரியாக விநாடிக்கு 150 மெகாபைட் படிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை படித்து முடிக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரம். டபிள்யூ சோதனை எட்டு முறை போய் வருவதால் 60 மணி நேரத்தை ஒட்டும். பழைய யூஎஸ்பி 2.0 வழியாகச் செருகியிருந்தால் படிக்க மட்டுமே ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டும். டெர்மினலை மூடினாலும் வேலை நிற்காதபடி 'ஸ்கிரீன்' அல்லது 'டிமக்ஸ்' உள்ளே ஓட்டுங்கள். டிஸ்க்கின் மேல் காற்று படட்டும்.

கேள்வி: 8 டெராபைட் டிஸ்க்கில் ஓட்டினால், மதிப்பு மிகப் பெரியது என்று திட்டிவிட்டு நின்றுவிடுகிறது. டிஸ்க் கெட்டதா?

பதில்: டிஸ்க்கில் குறையில்லை, கணக்கில்தான். பேட்பிளாக்ஸ் வழக்கமாக 1024 பைட்டை ஒரு பிளாக் என்று எண்ணும். உங்களிடம் இருக்கும் பதிப்பு பிளாக் எண்ணை 32 பிட்டுக்குள் வைக்கிறது. 32 பிட்டில் எண்ண முடிவது சுமார் 429 கோடி வரை. 429 கோடி பிளாக், தலைக்கு 1024 பைட் என்றால் கடைக்காரர் கணக்கில் 4.4 டெராபைட்டோடு எண் தீர்ந்துவிடும். 'மைனஸ் பி 4096' என்று கொடுங்கள், 17.6 டெராபைட் வரை போகும். 18 டெராபைட் டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு 8192.

கேள்வி: 12 பேட் பிளாக் காட்டியது. முழுசாக ஃபார்மேட் செய்து மறுபடி ஓட்டினேன், 0 என்கிறது. டிஸ்க் குணமாகிவிட்டதா?

பதில்: குணமாகவில்லை, பெரும்பாலும் இடம் மாற்றிக்கொண்டது. இதை எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிஸ்க்கின் சிறு பகுதியான ஒவ்வொரு செக்டாரோடும் பிழை திருத்தும் குறியீடு சேர்ந்தே எழுதப்படுகிறது. சில பிட்டுகள் கெட்டால் அந்தக் குறியீட்டை வைத்து டிஸ்க் தானே சரிசெய்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. சரிசெய்ய முடியாத அளவு கெட்டால் 'படிக்க முடியவில்லை' என்று கையை விரிக்கும். அந்த செக்டாரை அது உடனே தூக்கி எறியாது, நிலுவைப் பட்டியலில் வைக்கும். தூக்கி எறிந்தால் உள்ளே இருந்த உங்கள் ஃபைலின் துண்டும் போய்விடுமே! நீங்கள் அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் டிஸ்க்குக்கு முடிவெடுக்கும் வாய்ப்பு வருகிறது. எழுதிப் பார்த்து நின்றால் அதே இடம் தொடரும். நிற்காவிட்டால் கைவசம் ஒதுக்கி வைத்திருக்கும் உபரி செக்டார்களில் ஒன்றுக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிடும். பேட்பிளாக்ஸ் அந்த எண்ணைக் கேட்கும்போது உபரி செக்டார் பதில் சொல்கிறது. பெரும்பாலும் அதுதான் நீங்கள் பார்த்த 0. நீங்கள் செய்தது டிஸ்க் முழுவதும் எழுதிய ஃபார்மேட். 'குவிக் ஃபார்மேட்' செய்திருந்தால் அந்த 12-இல் பெரும்பாலானவை அப்படியே இருந்திருக்கும்.

உண்மைக் கதை டிஸ்க் தனக்குத்தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டில் இருக்கிறது. 'ஸ்மார்ட்சிடிஎல்' கமாண்டை 'மைனஸ் ஏ' போட்டு ஓட்டி, 5-ஆம் எண்ணையும் 197-ஆம் எண்ணையும் பாருங்கள். 5, இதுவரை இடம் மாற்றிய செக்டார்கள். 197, நிலுவையில் இருப்பவை. ஃபார்மேட்டுக்குப் பிறகு 197 குறைந்து 5 கூடியிருந்தால் நடந்தது இடமாற்றம். 197 மட்டும் குறைந்து 5 அசையாமல் இருந்தால், எழுதும் நேரத்தில் ஏற்பட்ட தடங்கலாக இருக்கலாம். கரண்ட் போனதும் காரணமாகலாம், ஆட்டமும் காரணமாகலாம்.

என் தீர்ப்பைக் கேட்டால், ஒருமுறை நடந்து அப்படியே நின்றுவிட்ட டிஸ்க்கில் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய சினிமா, பாட்டு வைக்கலாம். வாரத்துக்கு வாரம் 5-ஆம் எண் ஏறும் டிஸ்க்கில் எதுவும் வைக்காதீர்கள். கூகுளின் பொறியாளர்கள் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ மூவரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்பரப்பைத் துழாவும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செத்துப்போகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு. உங்கள் டிஸ்க் 12 முறை சொல்லிவிட்டது.

கேள்வி: ஸ்மார்ட் குறிப்பேடே இவ்வளவு சொல்கிறதென்றால் பேட்பிளாக்ஸ் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி. பழக்கத்தில் இருக்கும் டிஸ்க்குக்கு முதலில் ஸ்மார்ட்டைத்தான் கேட்க வேண்டும். 'மைனஸ் டி லாங்' கொடுத்தால் டிஸ்க் தன்னைத் தானே முழுக்கப் படித்துப் பார்த்துக்கொள்ளும், கேபிள் வழியாக எதுவும் வராது. ஆனால் அந்தச் சோதனை பொதுவாக முதல் பிழையிலேயே நின்றுவிடும். மொத்தம் எத்தனை, எங்கெங்கே என்ற முழுப் பட்டியல் வேண்டுமானால் பேட்பிளாக்ஸ் வேண்டும். புது டிஸ்க்கை எழுதிப் பார்த்துச் சோதிக்கவும் அதுதான் கை கொடுக்கும்.

கேள்வி: ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு பிளாக்கில் பிழை காட்டுகிறது!

பதில்: டிஸ்க்கை விடுங்கள், கேபிளைப் பிடியுங்கள். கெட்ட செக்டார் ஊர் ஊராக நகராது. ஸ்மார்ட்டில் 199-ஆம் எண், கேபிளில் போகும் வழியில் சிதைந்த தகவல்களின் எண்ணிக்கை. அது ஏறியிருந்தால் சாட்டா கேபிளை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

கேள்வி: அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்கில் பேட் செக்டார் பட்டியலைக் கம்பெனியே ஒட்டி அனுப்புமாமே, மெய்யா?

பதில்: மெய்தான். 1980-களின் டிஸ்க்குகளில் மேல் லேபிளிலேயே எந்தத் தடத்தில், எந்த ஹெட்டில் குறை என்று அச்சடித்தோ கையால் எழுதியோ வரும். வாங்கியவர் ஃபார்மேட் செய்யும்போது அந்த எண்களை உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். குறையே இல்லாத காந்தத் தட்டை உருவாக்குவது அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம். இன்றைய டிஸ்க்கும் குறைகளோடுதான் ஆலையிலிருந்து வருகிறது. பட்டியல் உள்ளேயே பதிந்திருக்கிறது, நம் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: பேட்பிளாக்ஸ் தந்த பட்டியலை எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் நானே சேர்த்துவிடலாமா?

பதில்: சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் வேண்டாம். நீங்கள் 1024 பைட் கணக்கில் எடுத்த பட்டியலை 4096 பைட் பிளாக் உள்ள ஃபைல் சிஸ்டத்தில் கொடுத்தால் நல்ல இடமெல்லாம் கெட்டதாகவும், கெட்ட இடம் நல்லதாகவும் பதிவாகிவிடும். 'ஈ2எஃப்எஸ்சிகே' கமாண்டுக்கு 'மைனஸ் சி' கொடுங்கள். அதுவே சரியான அளவில் பேட்பிளாக்ஸை ஓட்டி, கெட்ட பிளாக்குகளை அவற்றுக்கென்றே ஒதுக்கிய பதிவில் (முதல் ஐநோடில்) குறித்துவிடும். ஃபைல் சிஸ்டம் அந்த பிளாக்குகளில் இனி எழுதாது. பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருக்க வேண்டும். இப்படி ஒதுக்கி ஒதுக்கி ஓட்ட வேண்டிய நிலைக்கு வந்த டிஸ்க்கில் உபரி செக்டார்கள் தீர்ந்துவிட்டன என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கேள்வி: நாங்கள் விண்டோஸ்காரர்கள். எங்களுக்கு?

பதில்: 'செக்டிஸ்க்'. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஓட்டுங்கள். ஸ்லாஷ் எஃப் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை மட்டும் சரிபார்த்துத் திருத்தும். ஸ்லாஷ் ஆர் அதோடு செக்டார்களையும் படித்துப் பார்க்கும். சி டிரைவ் என்றால் அடுத்த முறை கம்ப்யூட்டர் எழும்போதுதான் ஓடும். ஒரு எச்சரிக்கை. செக்டிஸ்க்கின் அக்கறை ஃபைல் சிஸ்டம் ஒழுங்காக இருப்பதில்தான், உங்கள் ஃபைல்மேல் அல்ல. கணக்கு ஒத்துவராத துண்டுகளைப் பெயர் தெரியாத ஃபைல்களாக ஒரு மூலையில் குவித்துவிடும். நகல் எடுக்காத டிஸ்க்கில் ஸ்லாஷ் ஆர் போடுவது ஆபத்து.

கேள்வி: எஸ்எஸ்டி-யில் ஓட்டலாமா?

பதில்: படித்துப் பார்க்கலாம், பெரிய பயன் இல்லை. நீங்கள் கேட்கும் பிளாக் எண்ணுக்கும் சிப்பில் அது இருக்கும் இடத்துக்கும் நிலையான தொடர்பே கிடையாது, கன்ட்ரோலர் மாற்றிக்கொண்டே இருக்கும். டபிள்யூ சோதனை முழு டிஸ்க்கையும் நான்கு முறை எழுதி அதன் ஆயுளைச் சும்மா தின்றுவிடும். என்விஎம்ஈ என்றால் ஸ்மார்ட் பதிவில் எத்தனை சதவீதம் தேய்ந்தது, உபரி எவ்வளவு மிச்சம், மீடியா பிழை எத்தனை என்ற மூன்றையும் பாருங்கள்.

கேள்வி: மலிவாக 1 டெராபைட் பென் டிரைவ் வாங்கினேன். டபிள்யூ சோதனையில் 0 பிழை. ஆனால் போட்ட வீடியோக்கள் திறக்கவில்லை.

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் பேட்பிளாக்ஸும் ஏமாறும். உள்ளே இருப்பது 32 கிகாபைட்டாக இருக்கலாம். அது தீர்ந்ததும் சில போலி டிரைவ்கள் மறுபடி முதலிலிருந்து மேலெழுதத் தொடங்கும். பேட்பிளாக்ஸ் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறது. எந்த இடத்தைப் படித்தாலும் அதே எழுத்து வருவதால் எல்லாம் சரி என்று நம்பிவிடும். இதற்கென்றே 'எஃப்3' என்ற கருவி இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு எண்ணை எழுதிப் படிப்பதால் வண்டவாளம் வெளியே வந்துவிடும். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ'. ரசீதோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: மகள் கல்யாண போட்டோக்கள் முழுதும் ஒரே டிஸ்க்கில். பாதி திறக்கிறது, பாதி தொங்குகிறது. என்ன செய்ய, ஐயா?

பதில்: அம்மா, இப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். பேட்பிளாக்ஸ் வேண்டாம், செக்டிஸ்க் வேண்டாம், 'ரிப்பேர் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் அதுவும் வேண்டாம். கடையில் 'ஃபார்மேட் பண்ணிடலாம்' என்றால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சத்தம் வந்தால் முதல் கேள்வியின் பதில்தான் உங்களுக்கும். சத்தம் இல்லையென்றால், அதே அளவோ பெரியதோ ஆன நல்ல டிஸ்க் ஒன்று வாங்கி, லினக்ஸ் தெரிந்தவரைக் கூப்பிட்டு, 'ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ' ஓட்டச் சொல்லுங்கள்.

அந்தோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய இந்தக் கருவியை நான் மனதார மதிக்கிறேன். சாதாரணக் காப்பி, கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். இது முட்டியதும் தாண்டிப் போய்விடும். நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் கரை சேர்த்துவிட்டு, கடைசியில்தான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் இடையில் நிறுத்திவிட்டு நாளை தொடரலாம். மேப் ஃபைலை நல்ல டிஸ்க்கில் வைக்கச் சொல்லுங்கள். நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபைல் மீட்கும் வேலை எல்லாவற்றையும் அந்த நகலில் செய்யுங்கள். ஃபோல்டர் அமைப்பே சிதைந்திருந்தால் 'போட்டோரெக்' என்ற கருவி, பெயர்கள் போனாலும் படங்களைத் தேடி எடுத்துத் தரும்.

கேள்வி: என் டிஸ்க்கில் 0 பேட் பிளாக், ஸ்மார்ட்டிலும் எல்லாம் சுத்தம். பேக்கப் தேவையா?

பதில்: தேவை. மேலே சொன்ன கூகுள் ஆய்விலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது. செத்துப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. ஆகவே இன்று பேட்பிளாக்ஸை ஓட்ட டெர்மினலைத் திறக்கும் முன், உங்களிடம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கும் ஃபோல்டர் எது என்று பாருங்கள். அதை இன்னொரு டிஸ்க்கில் போட்டு, திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். சோதனையை நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம்.